ஒரே பெயர் கொண்ட நோய்

கேள்விகளில் இரு வகை உண்டு. அறிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுவன சில. ஆறுதலுக்காகக் கேட்கப்படுவன சில. குருமடத்தில் நாம் பயின்ற மெய்யியலும் இறையியலும் முதல் வகைக் கேள்விகளுக்கு விடை கூற நம்மை ஓரளவு பழக்கின. இரண்டாம் வகைக் கேள்விகளின் முன் நாம் பலமுறை வாயடைத்து நின்றிருக்கிறோம். இவ்விரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து வரும் கேள்வியும் உண்டு. அங்கே அறிவு பிழைபடுமாயின் ஆறுதலும் பிழைபட்டுப் போகும். முட்டத்துக் கடற்கரையில் நாம் பணியாற்றிய நாள்களில் ஒரு தாய் நம்மிடம் கேட்டது அத்தகைய கேள்வி. அவர் கேட்பதற்கு முன்னரே, பிழையான விடை ஒன்றை நாம் பீடத்திலிருந்து கூறியிருந்தோம். அந்தப் பிழையை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முட்டத்தின் செம்மண் மேட்டையும், கலங்கரை விளக்கத்தையும், அலை மோதும் பாறைகளையும், சகல புனிதர்கள் ஆலயத்தையும் வாசகர் பலர் கண்டிருப்பர். அவ்வூரின் காலைப்பொழுது மீன் விற்கச் செல்லும் பெண்களால் தொடங்குகிறது. அப்பெண்களுள் இருவரைப் பற்றியே பேசுகிறோம். பெயர் குறிப்பிடப்போவதில்லை. சில மாத இடைவெளியில் இருவருக்கும் மார்பகப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இருவரும் ஒரே மருத்துவமனைக்குச் சென்றனர். ஒரே வகை அறுவை செய்துகொண்டனர். ஒரே மருந்தை ஏற்றிக்கொண்டனர். பல நாள்கள் ஒரே பேருந்தில் போய், ஒரே பேருந்தில் திரும்பினர். மாலையில் ஒரே அன்பியத்தில் அமர்ந்து செபமாலை சொல்லினர்.

ஓராண்டு கடந்தபின் முதல் பெண் நலம் பெற்றார். அவர் குடும்பத்தார் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்டனர். இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஆண்டவரின் ஆடையைத் தொட்டு நலமடைந்த நற்செய்திப் பகுதியை எடுத்து நாம் மறையுரை ஆற்றினோம். இந்தச் சகோதரியின் நம்பிக்கையே இவரை நலமாக்கிற்று என்று உரத்துச் சொன்னோம். கேட்டவர்கள் கண்கலங்கினர். நமக்கும் மனம் நிறைந்தது. ஆனால் இரண்டாம் பெண்ணும் அன்று ஆலயத்தில் இருந்தார். நோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று அதற்கு முந்தைய வாரம்தான் மருத்துவர் அவரிடம் கூறியிருந்தார். அதை அவர் வீட்டாரிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பின், நற்கருணை கொண்டுபோன ஒரு நாள், அவர் நம்மைப் பார்த்துக் கேட்டார்: “சாமி, அவளும் நானும் ஒண்ணாத்தானே வேண்டுனோம்? எனக்க வேண்டுதல்ல என்ன கொறவு?”

இக்கேள்வியில் சினம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்போம். தம் குறையைத் தாமே தேடிக் களைத்துப்போன ஒருவரின் குரல் அது. அக்குறையைத் தேட அவரைத் தூண்டியவர் நாமே. ஒருவர் நலம் பெற்றதற்கு அவருடைய நம்பிக்கையே காரணம் என்று நாம் கூறும்போது, நலம் பெறாதவருக்கு நம்பிக்கை குறைவு என்பதையும் சேர்த்தே கூறிவிடுகிறோம். முதல் பாதியை வாய் சொல்கிறது. மறு பாதியை நோயாளியின் மனம் சொல்லிக்கொள்கிறது.

அன்று நாம் ஒன்றும் பேசாது திரும்பினோம். பின்னர், நம் பங்கைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவரிடம் நம் ஐயத்தைக் கேட்டோம். ஒரே நோய், ஒரே மருந்து. விளைவு மட்டும் ஏன் வேறாயிற்று? அவர் நம்மைத் திருத்தினார். “ஃபாதர், ஒரே மருந்து என்பது சரி. ஒரே நோய் என்று யார் சொன்னது?”

அவர் விளக்கியதையும், அதன்பின் நாம் படித்தறிந்ததையும் இயன்றவரை எளிதாகக் கூறுவோம். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் இரண்டாய்ப் பிரியும்போது தன்னுள் இருக்கும் மரபுச் செய்தி முழுவதையும் படியெடுக்கிறது. பெற்றோர் ஒருவரிடமிருந்து வரும் அச்செய்தியின் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். இத்தனை எழுத்துகளைப் படியெடுக்கையில் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவற்றை உயிரணுவே திருத்திக்கொள்கிறது, சில எஞ்சிவிடுகின்றன. உயிரணு எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை ஆளும் மரபணுக்களில் இத்தகைய பிழைகள் சேரும்போது, அவ்வணு கட்டுப்பாட்டை இழந்து பெருகத் தொடங்குகிறது. புற்றுக்கட்டி அவ்வாறு தோன்றுகிறது.

கட்டி தோன்றியதோடு பிழைகள் நின்றுவிடுவதில்லை. பெருகும் அணுக்கள் மேலும் மேலும் பிழைபடுகின்றன. ஒரு பிழை ஒரு கிளையில் நேர்கிறது. வேறொரு பிழை வேறொரு கிளையில் நேர்கிறது. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் நோவெல் 1976-இல் இக்கருத்தை முன்வைத்தார்: கட்டி ஒரே அணுவில் தொடங்கினாலும், வளர வளர அதன் அணுக்கள் தம்முள் வேறுபட்டுக் கிளைவிடுகின்றன, அவற்றுள் தாக்குப்பிடிப்பவை பெருகுகின்றன. அன்று கருத்தாக இருந்தது பின்னர் கண்ணால் காணும் செய்தியாயிற்று. 2011-இல் நிகோலஸ் நேவின் முதலான ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுக்கட்டி ஒன்றிலிருந்து 100 அணுக்களைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தனர். அந்த ஒரு கட்டிக்குள்ளேயே மரபமைப்பில் வேறுபட்ட மூன்று கூட்டங்கள் இருக்கக் கண்டனர். 2015-இல் லூசி யேட்ஸ் முதலானோர் 50 நோயாளிகளின் மார்பகக் கட்டிகளில் பல இடங்களிலிருந்து திசு எடுத்துச் சோதித்தனர். அவர்களுள் 13 பேரிடம், மருந்தினால் குறிவைக்கத்தக்க மரபணு மாற்றம் கட்டி முழுவதிலும் இல்லை. கட்டியின் ஒரு பகுதி அணுக்களில் மட்டுமே இருந்தது.

இதன் பொருளை நம் கடற்கரை மக்களுக்கு விளக்குவது கடினமன்று. சாளைக்கு ஒரு வலை, அயிலைக்கு ஒரு வலை, சூரைக்கு ஒரு வலை என்று கண்ணியின் அளவு பார்த்தே அவர்கள் வலை விரிக்கிறார்கள். அந்தக் கண்ணிக்குப் பொருந்திய மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும், சிறியது நுழைந்து போய்விடும், பெரியது அகப்படாது. வலை நிறைந்து வந்தது என்பதனால் கடல் வெறுமையாயிற்று என்று எந்த மீனவரும் எண்ணமாட்டார். மருந்தும் இத்தகைய வலையே. அதற்குப் பொருந்திய அணுக்கள் மடிகின்றன, கட்டி சுருங்குகிறது, நாம் மகிழ்கிறோம். பொருந்தாத சில அணுக்கள் எங்கேனும் எஞ்சியிருந்தால் பின்னர் அவையே பெருகுகின்றன. திரும்பி வரும் நோய்க்குப் பெயர் பழையதே. ஆயினும் முதலில் கொடுத்த மருந்துக்குத் தப்பிப் பிழைத்தவற்றின் வழித்தோன்றலாக அது இருக்கக்கூடும்.

ஆகவே அந்த இரு சகோதரிகளுக்கும் பொதுவாக இருந்தது நோயின் பெயரே. இருவருடைய கட்டிகளும் ஒன்றல்ல. ஒருவருடைய கட்டிக்குள்ளேயே பல இருந்தன. அவர்களுடைய வேண்டுதலை ஒப்பிட்டு நாம் சொன்ன தீர்ப்பு, ஒப்பிடவே இயலாத இரண்டை ஒப்பிட்டுச் சொன்ன தீர்ப்பாகும்.

இங்கே மெய்யியலின் பழைய சிக்கல் ஒன்று நினைவுக்கு வருகிறது. பலவற்றுக்கு நாம் ஒரு பொதுப்பெயர் இடுகிறோம். அப்பெயரால் குறிக்கப்படுவது உண்மையில் இருக்கிறதா, அல்லது தனித்தனிப் பொருள்கள் மட்டுமே இருக்கின்றனவா? இடைக்கால அறிஞர்கள் இதைப் பற்றி நெடுங்காலம் வாதிட்டனர். அவர்களுக்கும் முன்னரே, மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த அரிஸ்டாட்டில் இதனைத் தெளிவாகக் கண்டார். மருத்துவர் நலமாக்குவது பொதுவான ‘மனிதன்’ என்பவனை அன்று. கல்லியாஸ், சாக்ரடீஸ் என்று பெயர் கொண்ட இந்த மனிதரை, அந்த மனிதரை என்பது அவர் கருத்து. பின்வந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ், ஒவ்வொரு பொருளையும் வேறெதுவும் அல்லாத அந்தப் பொருளாகவே ஆக்கும் ஒரு தன்மை உண்டு என்றார். குருமடத்தில் இப்பாடங்களைத் தேர்வுக்காக மனனம் செய்தோம். இவை நோயாளியின் கட்டிலருகே தேவைப்படும் பாடங்கள் என்று அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

அப்படியானால் பொதுப்பெயரே வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். வேண்டும். பெயரின்றி மருத்துவம் இல்லை. ஆனால் அப்பெயரோடு நின்றுவிடாமல், அதற்குள் இருக்கும் வேறுபாட்டைத் தேடியபோதே மருத்துவம் முன்னேறியது. முன்னர் மார்பகப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் எல்லாரும் அடக்கப்பட்டனர். பின்னர் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரை ஏற்கும் கட்டிகள், ஏற்காத கட்டிகள் என்று பிரித்தறிந்தனர். ‘ஹெர்-2’ என்னும் புரதம் மிகுந்திருக்கும் கட்டிகளை வேறு பிரித்தனர். வேகமாகப் பரவும் கொடிய வகை என்று அஞ்சப்பட்டது இது. இவ்வகைக்கென்றே உருவான டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; அதன்பின் இந்நோயாளிகள் பலருடைய வாழ்நாள் நீண்டது. எல்லாரையும் ஒன்றென எண்ணாது, இவர் வேறு, அவர் வேறு என்று பொறுமையோடு நோக்கியதால் வந்த நன்மை இது. ஆன்ம மேய்ப்பருக்கும் அந்தப் பொறுமை வேண்டாமா?

மற்றொன்றும் கூற வேண்டும். ஒரு வீட்டில் தாய்க்கு இந்நோய் வந்ததென்றால், மகளின் திருமணப் பேச்சு தடைப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். ‘மரபணு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘பரம்பரை’ என்று பொருள் கொள்கிறார்கள். இது பெரும் அநீதி. மேலே சொன்ன மாற்றங்களில் பெரும்பாலானவை அப்பெண்ணின் வாழ்நாளில், அந்தக் கட்டியின் அணுக்களுக்குள்ளேயே தோன்றியவை. அவை பிள்ளைகளுக்குச் செல்வதில்லை. 1994-இலும் 1995-இலும் கண்டறியப்பட்ட ‘பி.ஆர்.சி.ஏ.’ மரபணுக்கள் இரண்டும், அவை போன்ற வேறு சிலவும் பழுதுபட்டு வழிவழியாக வருவதால் உண்டாகும் மார்பகப் புற்றுநோய், மொத்தத்தில் 100-க்கு 5 முதல் 10 வரையே. அத்தகைய குடும்பங்களில் பெண்கள் மருத்துவரிடம் அறிவுரை பெற்று முன்கூட்டியே தம்மைக் காத்துக்கொள்ளலாம். வழிவழியாக வந்தாலும் அது பழியன்று. ஒருவர் தம் கண்ணின் நிறத்தைத் தேர்ந்துகொள்ளாதது போலவே இதையும் தேர்ந்துகொள்வதில்லை.

நோயை நீதித்தீர்ப்பாகக் கருதும் வழக்கம் பழையது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாக அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர். வாய் திறந்து காரணம் கூறத் தொடங்கியபோதுதான் கெட்டனர். நூலின் இறுதியில் இறைவன் கடிந்துகொள்வது அவர்களையே. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, பாவம் செய்தது இவரா, இவர் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என எண்ண வேண்டாம் என்றும் அவர் எச்சரித்தார். இவற்றையெல்லாம் நாம் அறிவோம். பழி கூறும்போது இவை நினைவுக்கு வருகின்றன. புகழ்ந்து கூறும்போது, அப்புகழுக்குள் ஒரு பழி மறைந்திருக்கிறது என்பதுதான் நினைவுக்கு வருவதில்லை.

இறைவனிடம் நலம் வேண்டுவது வீண் என்று நாம் கூறவில்லை. நலம் பெற்றவர் நன்றி கூறுவதும் தவறன்று, கூறாதிருப்பதே தவறு. ஆனால் நன்றி வேறு, அளவீடு வேறு. பவுலடியார் தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டினார், அது நீங்கவில்லை. அவருடைய நம்பிக்கையை அளக்கத் துணிபவர் யார்? லூர்து நகரில் அன்னையின் காட்சி பெற்ற புனித பெர்னதெத், அங்கே ஆயிரக்கணக்கானோர் நலம் வேண்டி வரத் தொடங்கிய பின்னரும், தாம் நோயுற்று 1879-இல் தம் 35-ஆம் வயதில் இறந்தார். அதே லூர்தில் குணமடைதல்களைச் சோதிக்க 1883 முதல் மருத்துவர் குழு இயங்கி வருகிறது. கோடிக்கணக்கான திருப்பயணிகள் வந்துபோன இடத்தில், திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டவை எழுபதைச் சற்றே தாண்டும். திருச்சபை இத்தனை தயக்கத்தோடு பேசும் ஒன்றை, நாம் ஒரு ஞாயிறு மறையுரையில் எவ்வளவு எளிதாகப் பேசிவிடுகிறோம்!

இந்த எளிமையினால் விளையும் தீங்கு மனத்துயரத்தோடு முடிவதில்லை. நோய் என்பது பாவத்தின் அடையாளம், குறைந்த நம்பிக்கையின் அடையாளம் என்னும் எண்ணம் ஊரில் உலவும்போது, மார்பில் ஒரு கட்டியை உணர்ந்த பெண் அதை மறைக்கிறாள். கணவனிடம் சொல்ல நாணுகிறாள். மாமியாரிடம் சொல்ல அஞ்சுகிறாள். மாதங்கள் கழிகின்றன. அம்மாதங்களில் கட்டி பெருகுவதோடு, அதன் அணுக்கள் மேலும் மேலும் வேறுபடவும் வாய்ப்புப் பெறுகின்றன. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், ஏறத்தாழ 98,000 பேர் இதனால் இறந்தனர் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்தனர். 2021-இல் வெளியான முடிவுகளின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற கையும், அஞ்சாமல் வந்த பெண்ணும் போதுமானதாயிற்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையும், 1981 முதல் திருவனந்தபுரத்தில் இயங்கும் மண்டலப் புற்றுநோய் மையமும் நம் மக்கள் நன்கு அறிந்தவை. வழி இருக்கிறது. அவ்வழியில் நடக்க நாணமும் அச்சமும் தடையாகாதிருக்க வேண்டும். அத்தடையை எழுப்புவதில் நம் சொற்களுக்கும் பங்குண்டு.

அந்தத் தாயிடம் நாம் மீண்டும் சென்றோம். மருத்துவர் கூறியதை நமக்குத் தெரிந்த சொற்களில் கூறினோம். உமக்கு வந்ததும் அவருக்கு வந்ததும் ஒன்றல்ல. உம் செபத்தில் குறை ஏதும் இல்லை. அன்று பீடத்தில் நாம் பேசியதே குறையுடையது என்றோம். அவர் சிறிது நேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பின் மெல்லச் சிரித்தார். “அது சரிதான் சாமி. ஒரு பாத்திரத்துல கிடந்தா எல்லாம் ஒரே மீனாயிருமா?” வாழ்நாளெல்லாம் மீன் தரம் பிரித்தவருக்கு நாம் கூறியது புதிய செய்தியாகத் தோன்றவில்லை. சற்றுப் பொறுத்து, “இத பீடத்துலயும் சொல்லிருங்க சாமி. அன்னைக்குக் கேட்டவிய எல்லாரும் கேக்கட்டும்” என்றார்.

அவர் கேட்டுக்கொண்டதை அவர் உயிரோடிருக்கையில் நாம் நிறைவேற்றவில்லை. நாளை, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டோம். செய்த பிழையைச் செய்த இடத்திலேயே நின்று ஒப்புக்கொள்வது, ஒப்புரவு அருளடையாளத்தில் பிறர் பிழையைக் கேட்டிருப்பதைவிடக் கடினம் என்பதை அப்போது உணர்ந்தோம். அவருடைய 30-ஆம் நாள் திருப்பலியில்தான் சொன்னோம். நலம் பெற்ற அந்த முதல் சகோதரி அன்று முன்வரிசையில் இருந்தார். திருப்பலி முடிந்து நம்மிடம் வந்து, தாம் பிழைத்திருப்பதற்காக இத்தனை நாளும் அவள் வீட்டாரை ஏறிட்டுப் பார்க்கக் கூசியிருந்ததாகக் கூறினார். நம் மறையுரை ஒருவரை மட்டும் அன்று, இருவரையும் வருத்தியிருந்தது.

அன்று ஆலயத்தில் இருந்தவர்கள் சில நூறு பேர். இதைப் போன்ற மறையுரைகளும், சாட்சியங்களும், நலம் விசாரிக்கச் சென்ற இடத்துச் சொற்களும் நம் பங்குகளெங்கும் நாள்தோறும் பேசப்படுகின்றன. ஆகவே இங்கும் எழுதுகிறோம். நோயுற்றவர் வீட்டுக்குச் செல்லும் வாசகரே, அங்கே மற்றொரு நோயாளியின் கதையைச் சொல்லாதீர். நலம் பெற்றவர் கதையாயினும், இறந்தவர் கதையாயினும் அது அவருடையதன்று. அவர் என்ன உண்டார், உறங்கினாரா, மருத்துவமனைக்குத் துணையாக யார் வருகிறார்கள் என்று கேளும். துணையில்லையெனில் நீர் செல்லும். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லையெனில், யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்யும்.